தீக்காவல் மாடங்கள்



தினைப்புனத்துப் பரண்மீதிருந்து கிளி கடியும் தலைவியைச் சங்கப் பாடல்களில் கண்டு பழகியோர்க்கு, அமெரிக்க மலைக்காடுகளின் தீக்காவல் மாடம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கிளி ஓட்டினால் போய்விடும், தீ அப்படியன்று.

1910 ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாள்களில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள். தோன்றி ஐந்தாண்டுகளே ஆகியிருந்த கூட்டரசு வனத்துறைக்கு அது ஆறாத வடுவாயிற்று. பிறகு சிகரந்தோறும் மாடங்கள் எழுந்தன. 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த படையினர் பலவற்றைக் கட்டினர்.

மாடம் என்பது பெரும்பாலும் பதினான்கு அடிச் சதுரத்தில் ஒரே அறை. நாற்புறமும் கண்ணாடி. நடுவில் ஆஸ்போர்ன் கருவி: வட்ட வரைபடத்தைச் சுற்றிச் சுழலும் வளையம், அதில் எதிரெதிராக இரு குறிகாட்டிகள். தொலைவில் எழும் புகையை அவற்றின் நேர்கோட்டில் நிறுத்தினால் திசை பாகைக் கணக்கில் கிடைக்கும். வேறொரு சிகரத்துக் காவலரும் அதே புகையைக் குறித்துவிட்டால், இரு கோடுகளும் வெட்டுமிடமே தீயின் இருப்பிடம். மின்னல் வெட்டும் வேளையில் நிற்பதற்குக் கண்ணாடிக் கால் பொருத்திய முக்காலியும் உண்டு. இத்தகைய வசதிகள் பரவுமுன்பே, 1913இல் கலிபோர்னியாவின் கிளாமத் காட்டில் ஹாலி டாகெட் என்னும் பெண் காவலேற்றார். பதினைந்து கோடைகள் அப்பணியில் நிலைத்தார்.

கவிஞர்களும் அங்கே சென்றனர். கேரி ஸ்னைடர் வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கு காஸ்கேட் மலைகளில் 1952, 1953 ஆகிய ஈராண்டுகள் காவலிருந்தார். மறு ஆண்டு, அரசியல் ஐயத்தின் பேரில் அவருக்கு அவ்வேலை மறுக்கப்பட்டது. மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அரசியல் தகுதி வேண்டியிருந்த காலம் அது! நண்பர் பிலிப் வேலனும் அம்மலைகளில் காவலிருந்தார். 1956இல் ஜாக் கெரோவாக் டெசலேஷன் சிகரத்தில் 63 நாள்கள் தனித்திருந்தார். ஞானம் தேடி ஏறியவருக்குக் கிடைத்ததில் சலிப்பே மிகுதி என்பதை அவர் நூல்களே ஒளிவின்றிக் கூறுகின்றன. தனிமை எல்லோர்க்கும் ஒரே வரத்தைத் தருவதில்லை.

பின்னர் விமானம் வந்தது, செயற்கைக்கோள் வந்தது, கேமரா வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த மாடங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றைத் தன்னார்வலர்கள் ஏற்றனர். தெற்குக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ, ஏஞ்சலஸ் தேசியக் காடுகளில் பயிற்சி பெற்ற பொதுமக்கள் முறைவைத்துக் காவலிருக்கின்றனர். தொலைநோக்கியால் சரிவு சரிவாகத் துழாவுவதும், கண்டதை வானொலியில் அறிவிப்பதும் அவர்கள் வேலை. கடினமானது காண்பதன்று, பிரித்தறிவது. மண்பாதையில் வண்டி கிளப்பும் புழுதியும் புகைபோல் எழும். மழைக்குப்பின் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் பனிக்கீற்றும் அனுபவமற்ற கண்ணை ஏமாற்றும். காவலற்ற நாள்களில் வண்ணம் பூசுவது, உளுத்த பலகையை மாற்றுவது, கண்ணாடி துடைப்பது.

இப்பணியின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. கண்ட தீயை மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என 1935இல் வனத்துறை விதித்தது. காட்டைச் சிறுகச் சிறுக எரித்துப் பேணிய பழங்குடியினர் வழக்கமும் தடைப்பட்டது. சருகும் புதரும் குவிந்தன; பல காடுகளில் சிறுதீக்குத் தப்பியவை பெருந்தீக்கு உணவாயின. 1978இல் அவ்விதி கைவிடப்பட்டது. எந்தத் தீயை அணைப்பது, எதை எரியவிடுவது என்பது இன்று தனி ஆய்வு. ஆயினும் எங்கே எரிகிறது என்பதை முதலில் யாரேனும் காண வேண்டும்.

ஏஞ்சலஸ் காட்டின் வெட்டர் மலை மாடம் 1935இல் எழுந்தது. பாழடைந்து கிடந்த அதனைத் தன்னார்வலர்கள் சீர்செய்து காவல் காத்தனர். 2009இல் மூண்ட பெருந்தீ ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேல் பரவியது; இரு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர்; அம்மாடமும் எரிந்து வீழ்ந்தது. பின்னர் அதே இடத்தில், பழைய வடிவிலேயே, மாடம் மீண்டும் எழுப்பப்பட்டது. கருகிய சரிவுகளை நோக்கித் தன்னார்வலர்கள் மறுபடியும் காவலில் அமர்ந்தனர்.