வெள்ளக் காலத்துச் செய்திகள்

2015-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டம் பெருமழையில் தத்தளித்தபோது, தேசத்தின் கவனமெல்லாம் சென்னையின் மீதே நிலைத்திருக்க, இங்குள்ள கிராமங்களின் துயரத்தை எடுத்துரைத்து நிவாரண லாரிகளைத் தெற்கே திருப்பியதில் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் மகத்தான பங்கு உண்டு.

ஆயினும், அதே சாதனம் அனர்த்தமும் விளைக்கும்: 47.5 அடி முழுமட்டமுடைய வீராணம் ஏரி நிரம்பி, வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீர் விடப்படும் இரவில், ஏரி உடைந்ததாகத் தேதியின்றிச் சுற்றிவரும் பழைய செய்தியொன்று, சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவையே கதிகலங்கச் செய்யப் போதுமானது. ஆகையால், உதவி கோருவோர் ஊர், தெரு, தேதி, நேரம், முதியோரும் குழந்தைகளும் எத்தனை பேர் என்பவற்றை ஸ்பஷ்டமாக எழுதி, படகு வந்துசேர்ந்ததும் மீட்கப்பட்டுவிட்டதை அந்தப் பதிவின் கீழேயே குறிப்பிட வேண்டும். இல்லையேல், அடுத்த தெருவில் காத்திருப்போருக்குரிய படகு வீணே அலையும். கைப்பேசிக் கோபுரம் செயலிழக்குமுன், 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணையும் அழைத்துவிடுங்கள்.