மோதிரம் இருக்கு, கல்லைக் காணோம்

நகைச்சீட்டு பத்திப் பேசின எபிசோடுல, "என் மோதிரத்துக்கு ஒரு கதை இருக்கு, அப்புறம் சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். சிலர் விடாம கேட்டுட்டே இருந்தீங்க. இன்னைக்குச் சொல்லிடறேன்.

எங்களுடையது லவ் மேரேஜ். நிச்சயத்துக்கு அவர் எனக்கு ஒரு வைர மோதிரம் போட்டார். மாசம் 8,000 வீதம் 11 மாசம் சீட்டு கட்டி, மேல கொஞ்சம் போட்டு வாங்கினது. பில் 96,000. 18 கேரட் தங்கம், நடுவுல 30 சென்ட்ல ஒத்தைக் கல். அந்தக் கல் மட்டுமே 46,000. அவர் சொந்தச் சம்பளத்துல வாங்கின முதல் நகை அதுதான்.

வாங்கி ஒன்றேகால் வருஷம் ஆகியிருக்கும். ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன், விரல்ல ஏதோ கீறுற மாதிரி இருந்தது. பார்த்தா கல்லைப் பிடிச்சிருக்கிற நாலு குட்டிக் கம்பி மட்டும் நிக்குது. நடுவுல ஓட்டை.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். காலையில வந்த கேப் டிரைவருக்கு போன் பண்ணி சீட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்க்கச் சொன்னேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா வேக்யூம் பையைப் பேப்பர்ல கொட்டி, என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினாங்க. கிடைக்கலை. வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொல்ல வாய் வரலை. மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டேன்.

ஆனா ஒரு தைரியம் இருந்தது. பில்லோட ரெண்டு பேப்பர் குடுத்திருந்தாங்க. ஒண்ணு லைஃப்டைம் வாரண்டி கார்டு, இன்னொண்ணு "ஒரு வருஷ இன்சூரன்ஸ் இலவசம்"னு ஒரு சர்டிபிகேட். ரெண்டுல ஒண்ணு காப்பாத்தும்னு நினைச்சேன். ரெண்டையும் அன்னைக்குத்தான் முதல் தடவையா படிச்சேன்.

வாரண்டி கார்டுல இருந்தது இதுதான்: ஆயுசு முழுக்க கிளீனிங், பாலிஷ், கம்பி இறுக்குறது இலவசம். செய்கூலியில குறை இருந்தா சரி பண்ணித் தருவாங்க. உபயோகத்துல தேஞ்சது, அடிபட்டது, கல் விழுந்தது சேராது. அதோட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி சீல் வாங்கணும். என் கார்டுல ஒரு சீல்கூட இல்லை.

இன்சூரன்ஸ் பேப்பர்ல தீ, கொள்ளை, வழிப்பறி. தேய்மானம் கிடையாது. எப்படிப் போச்சுன்னு சொல்ல முடியாத இழப்பும் கிடையாது. என் கல் எங்கே, எப்போ விழுந்ததுன்னு எனக்கே தெரியாதே. அதுக்கும் மேல, அந்த ஒரு வருஷம் முடிஞ்சு மூணு மாசம் ஆயிருந்தது. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணுதான், "ஸாரி மேம்"னு நாலு தடவை சொன்னாங்க.

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. வாரண்டிங்கிறது கடைக்காரர் தன் வேலைக்குக் குடுக்கிற உத்தரவாதம். "நாங்க ஒழுங்கா செஞ்சோமா"ங்கிறதுதான் அதுல கேள்வி. மோதிரம் பீச்ல தொலைஞ்சா அவங்க வேலையில என்ன தப்பு? இன்சூரன்ஸ்காரர் கேட்கிறது வேற: "திடீர்னு என்ன நடந்தது?" தினமும் கொஞ்சம் கொஞ்சமா கம்பி தேஞ்சு ஒருநாள் கல் விழுந்தா, அதுல திடீர்னு நடந்தது எதுவுமே இல்லை. மோதிரத்துல அதிகம் நடக்கக்கூடியது இதுதான், ஆனா அது சரியா இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல விழுது.

கடை வேலையிலேயே குறைன்னா கதை வேற. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. 5 லட்சம் வரைக்கும் கட்டணம்கூட இல்லை. அந்த நப்பாசையில எங்க தெரு பத்தர்கிட்ட காட்டினேன். லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு, "ஒரு கம்பி எதுலயோ மாட்டி வளைஞ்சிருக்கும்மா, மத்ததெல்லாம் தேய்மானம். ஜிம்முக்குப் போறியா?"ன்னார். போறேன். டம்பெல் தூக்குறப்பவும் கழட்டினதில்லை.

அவர் ஒரு வித்தை சொல்லிக் குடுத்தார். மோதிரத்தைக் காதுகிட்ட வச்சு விரலால தட்டணும். கிணுகிணுன்னு சத்தம் வந்தா கல் ஆடுதுன்னு அர்த்தம். துப்பட்டா நூல் அடிக்கடி மாட்டினாலும் உஷாராகணும்.

ஒன்பதாவது நாள் அவர்கிட்ட சொன்னேன், அழுதுட்டேதான். "திருப்பிப் போட்டுட்டே இருந்தியே, அலர்ஜின்னு நினைச்சேன்"ன்னார். ரெண்டு நாள் அதிகம் பேசலை. அந்த 46,000க்குப் பின்னாடி எத்தனை மாசம் இருந்ததுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் அவரேதான் லேப்ல வளர்த்த வைரம் போடலாம்னார். அதே 30 சென்ட், ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு விலை.

இந்தத் தடவை இன்சூரன்ஸை நாங்களே தேடினோம். வாடகை வீடுதான், ஆனா பொருளுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். 2021ல இருந்து எல்லா கம்பெனியும் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி தர்றாங்க. நகை அதுல தானா வராது, தனியா கேட்டுச் சேர்க்கணும். திருட்டுன்னு போட்டிருக்கிறதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். கூர்ந்து படிச்சா, தீ, வெள்ளம் மாதிரி ஒண்ணு நடந்து, அதனால 7 நாளுக்குள்ள நடக்கிற திருட்டுதான். சும்மா பூட்டை உடைச்சுட்டுப் போனா வராது. அதுக்குத் தனி கவர் வேணும்.

விரல்ல போட்டுட்டு வெளியே போற நகைக்கு "ஆல் ரிஸ்க்"னு ஒண்ணு இருக்கு. தவறி விழுந்து தொலைஞ்சாகூட கேட்க வழியிருக்கு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. நான் வாங்கிப் படிச்சதுல தேய்மானம் வெளியே, பூட்டாத கார்ல விட்டது வெளியே, ரிப்பேருக்குக் குடுத்த இடத்துல ஆன சேதமும் வெளியே. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் மெயில்ல ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மோதிரம் விரல்லயே இருந்து கல் மட்டும் விழுந்தா பணம் வருமா?" ஒரு கம்பெனி பதிலே போடலை. இன்னொண்ணு, அடிபட்டதுக்கு ஆதாரம் இருந்தா பார்ப்போம்னு எழுதிச்சு. அந்த மெயிலைப் பத்திரமா வச்சிருக்கேன்.

தொகை விஷயத்துல கவனமா இருங்க. 2020 டிசம்பர்ல சவரன் 40,000க்குக் கீழே. 2025 செப்டம்பர்ல 80,000ஐத் தாண்டிடுச்சு. பழைய பில் தொகையிலேயே பாலிசி ஓடினா பாதிக்குத்தான் கவர் இருக்கும். சில பாலிசியில சின்ன இழப்புக்குக்கூட அதே விகிதத்துல வெட்டித்தான் தருவாங்க. கல் லேப் வைரம்னா லேப் வைரம்னே எழுதுங்க. பில்லோட கல் சர்டிபிகேட்டையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. திருட்டுன்னா எஃப்ஐஆர் கேட்பாங்க. ஸ்டேஷன்ல முதல்ல சிஎஸ்ஆர் ரசீதுதான் தரலாம், அதோட திரும்பி வந்துடாதீங்க. கம்பெனி க்ளெய்மைத் தள்ளினா எழுத்துல புகார் குடுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது.

இப்போ என் கார்டுல ரெண்டு சீல் இருக்கு. ஜிம் பையில மோதிரத்துக்குன்னு ஒரு சின்ன டப்பா. அவர் தினமும் சாப்பிட உட்காரும்போது என் கையை இழுத்துக் காதுகிட்ட வச்சுத் தட்டிப் பார்க்கிறார். மாமியார் எங்களை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. கல் மாறினது அவங்களுக்கு இன்னும் தெரியாது. இந்த எபிசோடை யாரும் அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.