நீத்தாரை நினைத்தல்



ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாளன்று கத்தோலிக்கக் கிறிஸ்தவர் தம் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்வதை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றி, குடும்பத்தோடு நின்று செபிப்பர். குருவானவர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராயிருந்த ஓடிலோ என்பவர், சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தம் ஆட்சிக்குட்பட்ட மடங்களில் இந்நாளை மரித்தோர்க்குரியதாக வகுத்தார். அவ்வழக்கமே பையப் பரவிற்று. இதற்கு முந்திய நாள் புனிதர் அனைவர்க்கும் உரிய பெருநாள். இவ்விரு நாளும் அடுத்தடுத்து வருதல் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வேறு சமயத்தாரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் ஆதலின், கொள்கையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். இறைவன் திருமுன் மாசுடையது எதுவும் நிற்றல் இயலாது. நல்லவராய் வாழ்ந்து இறந்தாரிடத்தும் சிறு கறைகள் எஞ்சியிருத்தல் கூடும். அவை நீங்கித் தூய்மை பெறும் நிலையைப் பழைய தமிழ்க் கிறிஸ்தவ நூல்கள் 'உத்தரிக்கும் ஸ்தலம்' என்று வழங்கின. உத்தரித்தலாவது ஈடு செய்தல். அந்நிலையிலுள்ளோர்க்கு நம் செபமும் திருப்பலியும் தருமமும் துணையாகும் என்பது திருச்சபையின் போதனை. சீர்திருத்தச் சபையார் இதனை ஏற்பதில்லை. 1563-ஆம் ஆண்டில் திரிதெந்தீன் சங்கம் இப்போதனையை உறுதி செய்தது. அதனோடு, இதனைச் சார்ந்து வளரும் மூடநம்பிக்கையையும் பணம் ஈட்டும் இழிவழக்கத்தையும் விலக்குமாறு ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. முன்னதை நினைவில் வைத்துப் பின்னதை மறப்பார் எக்காலத்தும் உண்டு.

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, இறந்தபின் பிறர் செபித்தே ஒருவனைத் தூயவனாக்கலாம் என்றால், உயிரோடிருக்கையில் அவன் ஏன் வருந்தி முயல வேண்டும்?" என்று வினவினான். கூரிய வினாதான். ஆயினும், அவ்வாண்டிலேதான் அவன் தந்தை இறந்திருந்தார். குடிப்பழக்கத்தால் மனையாளையும் மக்களையும் வருத்தியவர் அவர். அத்தகைய தந்தைக்காகத் தான் செபித்தல் தகுமா என்பதே அவன் உள்ளத்திலிருந்த வினா என்பது எனக்கு விளங்கிற்று. அவனை உட்காரச் சொல்லி, அகுஸ்தினாரின் தாயாரைப் பற்றிக் கூறினேன்.

அவர் பெயர் மோனிக்கா. வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரினர். சிறுமியாயிருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சை மது முகந்து வருமாறு வீட்டார் அவரை அனுப்புவர். முதலில் விளையாட்டாக உதட்டளவு சுவைத்தார். நாளடைவில் கிண்ணம் நிறையக் குடிக்கலானார். ஒரு நாள் சச்சரவில் பணிப்பெண் ஒருத்தி, 'குடிகாரி' என்று இகழ்ந்தாள். சுருக்கென்று தைத்தது அச்சொல். அன்றோடு அப்பழக்கத்தை விட்டார். இதனை உலகுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? அவர் மகனே! தாயைத் தெய்வம்போல் மதித்தும், தம் 'ஒப்புதல்கள்' என்னும் நூலில் இச்செய்தியை அவர் மறைக்கவில்லை. புனிதர் பிறக்கும்போதே புனிதராய்ப் பிறப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் கண்டதில்லை. தூய வாழ்வு துறவியர்க்கு மட்டுமன்றி எந்நிலையினர்க்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது. மோனிக்காவும் கணவனோடும் பிள்ளைகளோடும் அடுக்களையோடும் வாழ்ந்தவரே.

கணவர் பத்திரீசியுஸ் கடுஞ்சினத்தர். மனைவிக்கு உண்மையாய் நடவாதவர். வாழ்நாளின் இறுதியிலேதான் திருமுழுக்குப் பெற்றார். அவர் பக்கத்தில் தம்மையும் அடக்கம் செய்யவேண்டுமென்று மோனிக்கா இடம் வகுத்து வைத்திருந்தார். ஆனால், 387-ஆம் ஆண்டில், தாயகம் செல்லக் கப்பலை எதிர்நோக்கி உரோமையின் துறைமுகமாகிய ஓஸ்தியாவில் தங்கியிருந்தபோது, காய்ச்சல் கண்டு படுத்தார். சொந்த மண்ணில் இறத்தலே நன்று என்று மற்றொரு மகன் கலங்கியபொழுது, உடலை எங்கு வேண்டுமாயினும் புதையுங்கள், அதுபற்றிக் கவலை வேண்டா, ஆண்டவருடைய பீடத்தண்டை மட்டும் என்னை நினையுங்கள் என்னும் கருத்துப்படக் கூறினார். ஒன்பதாம் நாள் உயிர் நீத்தார். அகவை 56.

அடக்கத்தின்போது அகுஸ்தினார் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பின்னர்த் தனிமையில் அழுதார். அழுததோடு நின்றாரா? இல்லை. தம் தாய் நற்பேறு பெற்றிருப்பார் என்று நம்பியும், அவர் பிழைகளைப் பொறுத்தருளுமாறு இறைவனை வேண்டினார். தம் நூலைப் படிப்போர் அனைவரும் மோனிக்காவையும் பத்திரீசியுசையும் நினைந்து வேண்டுக என்றும் கேட்டுக்கொண்டார். அந்தச் சினக்காரத் தந்தையின் பெயரை அவர் விட்டுவிடவில்லை.

முதுமையில், நோலா நகர ஆயர் பவுலீனுசுக்கு எழுதிய சிறுநூலில், என் மாணவனின் முதல் வினாவுக்கும் அவர் விடை தந்திருக்கிறார். தாய் ஒருத்தி தன் மகனைப் புனித பெலிக்ஸின் ஆலயத்தில் அடக்கம் செய்வித்தாள். அதனால் அவனுக்குப் பயன் உண்டா என்று ஆயர் கேட்டிருந்தார். ஆடம்பர அடக்கம் இருப்பார்க்கு ஆறுதலேயன்றி இறந்தார்க்கு உதவியன்று. செபமும் திருப்பலியும் தருமமுமே உதவும். அவையும், அவ்வுதவியை ஏற்கத்தக்கவாறு வாழ்ந்தவர்க்கே பயன்படும் என்கிறார் அகுஸ்தினார். ஆகவே, பிறர் செபம் நம் முயற்சிக்கு மாற்றாகாது. ஆனால் யார் அத்தகையர், யார் அல்லர் என்று மனிதராகிய நாம் அறியோம். ஆதலால் எவரையும் விடாது எல்லார்க்கும் செய்க என்று அவர் மேலும் கூறுகிறார். மிகுதியாய்ப் போவதால் குறையில்லை. வேண்டுபவர்க்குக் கிட்டாது போவதே குறை.

இதைக் கேட்டு அம்மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, தந்தையின் ஞானஸ்நானப் பெயரை ஒரு தாளில் எழுதி, பூசையில் நினைவுகூரும்படி குருவிடம் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடு என்றேன்.

மோனிக்காவின் எச்சங்கள் 1430-இல் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. ஓஸ்தியாவில் அவர் கல்லறைமேல் இருந்த கல்வெட்டோ மறைந்துபோயிற்று. 1945-ஆம் ஆண்டில், அங்குள்ள கோயிலருகே விளையாட்டுக்குக் கம்பம் நடச் சிறுவர் இருவர் குழி தோண்டினர். மண்ணுக்குள் உடைந்த பளிங்குக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அதுவே அக்கல்வெட்டின் துண்டு.