'ஜில்டி' என்றொரு ஆங்கிலச் சொல்
(ராயக்கோட்டையில் குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். என் தவறு ஒன்றும் அதில் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் 'ஹரி' என்ற சொல்லுக்கு, அதாவது விரைந்து செய் என்பதற்கு, இணையான ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னேன். (அந்தப் பெயரிலேயே வகுப்பில் ஒரு பையன் உண்டு. பாடம் முடிவதற்குள் மூன்று முறை எழுந்து நின்றுவிட்டான்.) பிள்ளைகள் 'குவிக்', 'ஃபாஸ்ட்' என்று எழுதினார்கள். ஒரு சிறுமி மட்டும் ஆங்கில எழுத்தில் 'ஜல்தி' என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா பீகாரிலிருந்து ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது இந்தி, ஆங்கிலம் எழுது" என்று சத்தமாகவே சொன்னேன். வகுப்பு சிரித்தது. அந்த வாரம் முழுவதும் ஆங்கிலப் பாடவேளையில் அவள் வாய் திறக்கவில்லை.

பிறகு வேறு எதையோ தேடும்போதுதான் ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 'ஜில்டி' இருப்பது தெரிந்தது. பொருள்: விரைவு, சீக்கிரம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போன நம் 'ஜல்தி'தான் அது. அதற்கும் மூலம் பாரசீகத்தின் 'ஜல்த்'. ஆங்கிலத்தின் 'சாப் சாப்' கூட இப்படித் தென்சீனத் துறைமுகங்களின் கலப்புப் பேச்சிலிருந்து போனதுதான். அவசரத்துக்கான சொற்களை ஆங்கிலேயர், தாம் வேலை வாங்கிய ஊர்களிலேயே பொறுக்கிக்கொண்டார்கள் போலும்.

ருட்யார்ட் கிப்ளிங் 1890இல் எழுதிய 'கங்கா தின்' என்ற கவிதையில் இந்தச் சொல் வருகிறது. படைக்குத் தண்ணீர் சுமக்கும் இந்தியர் ஒருவரை ஒரு சிப்பாய் இந்தச் சொல்லைச் சொல்லி விரட்டுகிறான். அடுத்த வரியிலேயே 'அடிப்பேன்' என்கிறான். அதற்கும் இந்தியின் 'மாரோ'வைத் திரித்தே சொல்கிறான். விரைவும் அடியும் பக்கத்துப் பக்கத்தில். எனக்கு என் சிவப்புப் பேனா நினைவுக்கு வந்தது. நாம் ஒரு நாளில் எத்தனை முறை "சீக்கிரம் எழுது, சீக்கிரம்" என்கிறோம்?

இதோ, மேலே தெரிகிறதே நம் மலைக்கோட்டை, அதை மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல், மேஜர் கௌடியின் படை பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கும்பெனியின் கைக்கே போனது. அந்தச் சொல்லை இங்கேதான் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய படைகளோடுதான் அது நடந்தது.

இன்றும் நம் தக்காளி மண்டியில் காலையில் நின்று பாருங்கள். தமிழில் 'சீக்கிரம்', கன்னடத்தில் 'பேக', தெலுங்கில் 'த்வரகா', உருதுவில் 'ஜல்தி', நான்கும் காதில் விழும். 'பேக' என்பது 'வேகம்'தான். நம் வகரம் பல சொற்களில் கன்னடத்தில் பகரமாகும்: வா, பா, வேண்டும், பேக்கு. 'சீக்கிரம்' வடமொழியிலிருந்து வந்தது. தொல்காப்பியம் உரியியலில் விரைவுக்குச் சொல்லும் கதழ்வு, துனைவு இரண்டையும் இன்று மண்டியில் யாரும் சொல்வதில்லை.

மறு வாரம் வகுப்பில் அகராதிச் செய்தியைச் சொல்லி, அந்தச் சிறுமியின் நோட்டில் என் கோட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு கரும்பலகையில் 'ஹரி' என்று எழுதி, அவரவர் வீட்டுச் சொல்லை வந்து எழுதச் சொன்னேன். முதலில் எழுந்தது அவள்தான். கடைசியாக, ஒடிசாவிலிருந்து வந்த, அதுவரை அதிகம் பேசாத பையன் ஒருவன் தயங்கித் தயங்கி "சீக்ர" என்றான்.

"சார், அது நம்ம சொல்லு!" என்றது வகுப்பு.