கூடி ஜெபித்தலும் கூடி உண்ணலும்



இந்த அறக்கட்டளை ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்டது. அவரைப் பற்றி முன்பு பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த நேரம் குறைவு என்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

கிறிஸ்தவக் கூட்டுவாழ்வு இல்லங்களுக்குப் போய் வந்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். சொந்த வருமானத்தையும் தனிக் குடித்தனத்தையும் விட்டுவிட்டு, ஒரே கூரையின்கீழ், ஒரே பணப்பெட்டியில், ஒரே ஜெபவேளையில் வாழ்வதென்று முடிவு செய்தவர்களின் இடங்கள் அவை. தமிழ்நாட்டில் அவற்றுக்கு நூறாண்டுக்கு மேல் வரலாறு உண்டு. போகிறவர்கள் பெரும்பாலும் அமைதி தேடிப் போகிறார்கள். விடியற்கால ஜெபம், பஜனை, தோப்பு, ஆற்றங்கரை என்று திரும்பி வந்து வியந்து பேசுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி.

காரணம் வேதத்திலேயே இருக்கிறது. எருசலேமில் முதல் விசுவாசிகள் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் பொதுவில் வைத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 2, 4 ஆகிய அதிகாரங்கள் சொல்கின்றன. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளிக்கிறார்கள். ஆறாம் அதிகாரத்தில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குக் குறைகிறது என்று முறுமுறுப்பு எழுகிறது. அதைத் தீர்க்க ஏழு பேரை நியமிக்கிறார்கள். அப்புறம் அந்தியோகியா. புறஜாதியாரோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டிக்கிறார். திருச்சபையின் முதல் சண்டைகள் எங்கே நடந்தன என்று பாருங்கள். இரண்டும் பந்தியில்.

நம் நாட்டுக்கு வருவோம். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா அங்கே பேசினார். மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நட்பு இல்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கை குலுக்குவது, உட்கார நாற்காலி தருவது, விருந்துக்கு அழைப்பது போன்ற சின்ன விஷயங்களைக்கூட அந்த மேடையில் குறிப்பிட்டார். அவற்றைக் கேட்டு வரவில்லை, நட்பைக் கேட்டு வந்தேன் என்ற பொருளில் முடித்தார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பங்களாவில் மேசை, வராந்தாவில் பாய் என்று வாழ்ந்த காலம் அது.

அந்தப் பேச்சுக்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1921-இல், இரண்டு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பேட்டன் குடும்பம் கம்பளி நூல் ஆலைகளால் செழித்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, தரையில் அமர்ந்தார். ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர் சின்னண்ணனாக இருக்கச் சம்மதித்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய மிஷன் நிர்வாகத்தில் ஒரு இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வது ஏறக்குறைய நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1932-இல் அந்நியத் துணி மறியல் நடந்த நேரத்தில் சென்னையில் பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு விஷயம் போனது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகத் திருப்பத்தூர் போகலாம். போகிறவர்கள் எல்லாரும் அங்குள்ள ஜெபாலயத்தைப் படம் எடுக்கிறார்கள். திராவிடக் கோயில் பாணியில் கோபுரத்தோடு கட்டியது. அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் கட்டடப் பாணியை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது, ஸ்தபதி கிடைத்தால் போதும். உட்காரும் வரிசையை மாற்றுவதற்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியிருந்தது. ஜேசுதாசன் 1937-இல் ஆசிரமங்களின் பழமையும் புதுமையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். நிறுவனர்கள் இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில், 1969-இலும் 1970-இலும், காலமானார்கள்.

அதே இருபதுகளில் தெற்கே சேரன்மாதேவியில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. பெரியார், வரதராஜுலு நாயுடு உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார், அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியார் காங்கிரஸைவிட்டே வெளியேறினார். தேசபக்தி, தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி என்று எல்லா உயர்ந்த நோக்கமும் அந்தக் குருகுலத்துக்கு இருந்தது. ஓர் இலை போடும் இடத்தில் அது உடைந்தது. தமிழக அரசியலின் போக்கும் அங்கே ஒரு திருப்பம் திரும்பியது.

நம் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக் கதை ஒன்றும் உண்டு. இங்கே அதிகம் பேசப்படாத கதை. திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை செய்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண், ஆன் மேரி பீட்டர்சன் என்ற மூத்த ஊழியரோடு 1917 தொடக்கத்தில் அகமதாபாத் போனார். அங்கே கோச்ரப்பில் காந்தியின் ஆசிரமம் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இந்தியக் கல்விக்கு வழி தேடிப் போன மிஷனரிகள் அவர்கள். நாம் இன்று ஆசிரமங்களுக்குப் போகிறோமே, அதைப்போலக் கற்றுக்கொள்ளத்தான் போனார்கள், அதுவும் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடம்.

அவர்கள் பார்த்த ஆசிரமம் ஏற்கெனவே ஒரு சோதனையைக் கடந்திருந்தது. 1915-இல் தூதாபாய் என்ற தலித் ஆசிரியரின் குடும்பத்தைக் காந்தி சேர்த்துக்கொண்டார். கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தகராறு, நன்கொடைகள் நின்றன, ஆசிரமத்துக்கு உள்ளேயே, கஸ்தூர்பாவிடமே, மனத்தாங்கல். காந்தி தம் சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனதால் அப்போதைக்கு ஆசிரமம் தப்பியது.

ஃபேரிங்கின் காந்தித் தொடர்பை மிஷன் விரும்பவில்லை. அவர் மிஷனிலிருந்து விலகி ஆசிரமத்துக்கே போனார், பிறகு இந்தியர் ஒருவரை மணந்தார். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியாகச் சேவா மந்திரைத் தொடங்கினார். 1921 செப்டம்பரில் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியது அதே மாதம்தான். விழுப்புரத்தில் ரயில் ஏறினால் கடலூருக்கு அப்பால் பரங்கிப்பேட்டை. ரோமுக்கும் லூர்துவுக்கும் போய்வரக் கடன் வாங்குகிறவர்கள் நம்மில் உண்டு. பரங்கிப்பேட்டைக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை.

இனி சாந்திவனம். குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950 மார்ச் 21 அன்று ஜூல் மோன்ஷானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி, வெறுங்கால், மரக்கறி உணவு. அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற லெ சோவைத் திருவண்ணாமலை இழுத்துக்கொண்டது. ரமணரைப் பார்த்தார், அருணாசலத்துக் குகைகளில் தங்கினார். இரண்டு துறவிகளுக்கும் இடையே கருத்து விலகல் வளர்ந்தது. மோன்ஷானின் 1957-இல் பாரிஸில் இறந்தார். உள்ளூரிலிருந்து நிலைத்துச் சேர்ந்தவர் அதுவரை இல்லை என்றே சொல்லலாம். 1968-இல் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்த பிறகுதான் ஆசிரமம் உலகம் அறிந்த இடமானது. 1993-இல் அவர் இறந்தார்.

அங்கே தங்குகிறவர் மூன்று வேளை பொது ஜெபத்துக்கும் காலை மாலைத் தியானத்துக்கும் போகலாம். காலை உணவு முடிந்ததும் விருந்தாளிகளும் சேர்ந்து காய்கறி நறுக்குகிறார்கள். ஜெர்மானியப் பேராசிரியரும் கரூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கூடைப் புடலங்காயை வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு தரையில் வரிசையாக அமர்ந்து உணவு. சாந்திவனத்தை நான் மதிப்பது இந்த வரிசைக்காக.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமஸ்கிருத மந்திரம், காவி, உபநிடதம் என்று போகும் இந்தியத் தன்மை யாருடைய இந்தியா என்று தலித் இறையியலாளர்கள் கேட்டார்கள். மறுபக்கம், இது மதமாற்றத்துக்குப் போட்ட வேஷம் என்று இந்து அமைப்புகள் சில சாடின. இரண்டாவது குற்றச்சாட்டு அந்தத் துறவிகளின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. முதல் கேள்வி அப்படித் தள்ளக்கூடியதல்ல. பறை ஒலிக்காத ஒரு ஜெபக் கூடத்தைத் தமிழ்க் கிறிஸ்தவரில் பெரும்பான்மையோர் தம்முடையதாக எப்படி நினைப்பார்கள்? வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிறார்கள், உள்ளூர்ப் பங்கு மக்கள் வருவதில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு.

நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் அடுத்தவர் வீட்டைப் பேசுவது அழகல்ல. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். 2008-இல் அது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஒரே பங்கு, ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. கல்லறை தனித்தனி, சவ வண்டியும் தனித்தனி. தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். மார்ச் மாதம் வன்முறை வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். கத்தோலிக்கர்களை மட்டும் நான் சுட்டுவதாக என் சி.எஸ்.ஐ., லுத்தரன் நண்பர்கள் நினைக்க வேண்டாம். நம் கல்லறைத் தோட்டங்களையும் கமிட்டித் தேர்தல்களையும் நாம் அறிவோம்.

இத்தனைக்கும் சபைகள் சேர்ந்து செய்த பெருங்காரியம் ஒன்றுக்கு இந்தத் திண்டிவனமே சாட்சி. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உழைத்தார்கள். இவ்வூரிலுள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்துக்கு அதில் பெரும் பங்கு. சொல்லுக்குச் சொல் வாதாடி உடன்பாட்டுக்கு வந்தவர்கள் ஒரு கல்லறைச் சுவர் விஷயத்தில் உடன்பாட்டுக்கு வர முடியாதா என்ன?

பார்க்கப் போகும் இளைஞர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நிறுவனர்மேல் மயங்காதீர்கள். மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லங்களை 1964-இல் பிரான்சில் தொடங்கிய ஷான் வானியேவை உலகமே புனிதராகப் பார்த்தது. இந்தியாவில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அவ்வில்லங்கள் உண்டு. அவர் இறந்த பிறகு, 2020-இல், அந்த அமைப்பே நடத்திய விசாரணை, ஆன்மிக வழிகாட்டி என்ற இடத்தைப் பயன்படுத்தி அவர் ஆறு பெண்களையாவது பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று வெளியிட்டது. அந்த இல்லங்களில் இன்றும் நல்ல பணி நடக்கிறது. ஆனால் ஒருவருடைய வார்த்தையை யாரும் எதிர்க்க முடியாத இடம் எவ்வளவு புனிதமாகத் தெரிந்தாலும் அங்கே அதிக நாள் தங்காதீர்கள்.

இரண்டாவது, பணம். எங்கிருந்து வருகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். 1940-இல் தொடங்கிய பிரான்சின் தெய்சே துறவுக் குழுவின் சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை, மண்பாண்டம் செய்தும் புத்தகம் விற்றும் வாழ்கிறார்கள். அவர்கள் எண்பதுகளில் சென்னையில் நடத்திய இளைஞர் கூட்டங்களுக்குப் போனவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். வெளிநாட்டுப் பணம் நின்றால் மறுமாதம் அடுப்பு எரியுமா என்ற கேள்விக்கு நம் இல்லங்கள் பலவற்றில் நேரான பதில் கிடைக்காது.

கூட்டுவாழ்வைப் பார்க்க விழுப்புரம் மாவட்டத்தைத் தாண்டவே வேண்டாம், வானூர் வட்டத்தில் ஆரோவில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். கிறிஸ்தவ இல்லமல்ல, ஆனாலும் போய்ப் பாருங்கள். 1968-இல் தொடங்கிய ஊர். கூரைமேல் 15 மீட்டர் அகலக் கிண்ணம் வைத்த சோலார் கிச்சனில் பெருந்திரள் மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறது. சுற்றுக் கிராமத்தார் அங்கே எந்தெந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணம் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவுக்கும் ஒரு சால்வைக்கும் போகிறது. சால்வையை நிறுத்திவிடலாம். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் இரண்டு இளைஞர்களை ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பலாம். ஒரே பங்கு அல்லது ஒரே சபையைச் சேர்ந்தவர்களாக, ஆனால் ஒருவர் ஊர்த் தெருவிலிருந்தும் மற்றவர் காலனியிலிருந்தும் போக வேண்டும். பதினைந்து நாளாவது தங்க வேண்டும், அடுக்களை வேலையில் சேர வேண்டும். திரும்பியதும் அறிக்கை எழுதத் தேவையில்லை. முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஒருவர் வீட்டில் மற்றவர் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும், அடுத்த ஞாயிறு மாற்றி. அந்தச் சாப்பாட்டுச் செலவும் அறக்கட்டளைக் கணக்கிலேயே சேரட்டும். இதை எழுத்தில் அறங்காவலர் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த ஆண்டு இந்த மேடையில் எனக்குப் பதில் அந்த இருவரையும் அவர்கள் தாய்மாரையும் பேச விடுங்கள்.