பழுதுற்ற தட்டைக் கழற்றுதல்

வங்கிக் கணக்கும் வைத்தியசாலைக் குறிப்பும் இன்று பெரும்பாலும் தட்டுத் தொகுதிகளிலே பாதுகாக்கப்படுகின்றன. 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர், பல சிறு தட்டுகளை ஒருங்கிணைக்கும் ‘ரெயிட்’ முறையை விளக்கினர். அம்முறையின் ஐந்தாம் வகையிலே ஒரு தட்டுப் பழுதுற்றாலும், எஞ்சியவற்றைக் கொண்டு இழந்ததைக் கணித்தறியலாம். இரண்டு போயின் எல்லாம் போம்.

ஆதலின், பழுதினும் பெரிது அவசரத்தால் வரும் ஆபத்து. அயலிலுள்ள நல்ல தட்டைத் தவறுதலாக உருவினால் தொகுதி முழுவதும் செயலிழக்கும். எனவே தொழில் வல்லோர் திரையிற் கண்ட இலக்கத்தைத் தட்டின் எச்சரிக்கை விளக்கோடு முதலில் ஒப்பிடுவர். வேறிடத்தில் பிரதி உண்டா எனவும் நோக்குவர். பின்னரே தாழை நீக்கிச் சிறிது இழுத்து, சுழற்சி அடங்கும்வரை பொறுத்து, வெளியே எடுப்பர். புதிய தட்டிலே பழைய பதிவு முழுவதும் மீள எழுதப்படும்வரை அவர்தம் காவல் தளரலாகாது.