எந்தப் படம் பார்ப்பது?



பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குத் தமிழ்ப் படம் ஒரு காலத்தில் அரிய பொருளாக இருந்தது. 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை, மொழிப் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி முறைவைத்து ஒளிபரப்பி வந்தது. அஸ்ஸாமிய மொழி முதலில் நிற்கும். தமிழ் வந்து சேர்வதற்குள் வாரங்கள் பல உருண்டோடிவிடும். அந்தக் காத்திருப்பின் நடுவே நம் வீட்டுப் பெரியவர்கள் வங்காளப் படத்தையும் ஒரியப் படத்தையும், திரையின் அடியில் ஓடிய எழுத்துகளின் துணையோடு பார்த்து ரசித்தார்கள் என்பது வேறு செய்தி.

இன்று நிலைமை முற்றிலும் மாறியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்நாட்டில் கால்கொண்டன. வேறு பலவும் உடன் வளர்ந்தன. புனே நகரை அடுத்த கட்கியிலோ தேஹு ரோட்டிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பம், சென்னையில் இருப்பவர் பார்க்கும் படத்தை அதே இரவில் பார்க்கிறது. இதனை நாம் குறைகூற வரவில்லை.

ஆனால், இச்சேவைகள் படத்தைத் தருவதோடு நிற்பதில்லை. 'இதனைப் பாருங்கள்' என்று யோசனையும் சொல்லுகின்றன. இந்த யோசனை எங்கிருந்து பிறக்கிறது? நாம் எந்தப் படத்தை முடிவுவரை பார்த்தோம், எதனைப் பாதியில் நிறுத்தினோம், நம்மைப்போல் பார்த்த பிறர் அடுத்து எதனை நாடினர் என்பனவற்றைக் கணிப்பொறி ஒப்பிட்டுப் பார்க்கிறது. இக்கணக்கைப் பத்து விழுக்காடு செம்மைப்படுத்துவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசென்று நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் அறிவித்து, 2009-இல் வழங்கியது. தன் சேவையில் மக்கள் படம் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு இத்தகைய பரிந்துரையின் வழியே வருவதாக அந்நிறுவனத்தாரே 2015-இல் எழுதியிருக்கின்றனர். அப்படியானால், தேர்ந்தெடுப்பது நாமா, அதுவா?

வீட்டில் ஒருவர் பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டால், ஒரு திங்கள் வரை பேய்கள் நம் கூடத்தை விட்டு அகலுவதில்லை. மகாராஷ்டிரத்தில் இருப்பவனுக்கு இந்திதான் வேண்டும் என்று தானே முடிவுசெய்துகொண்டு, தமிழ்ப் படத்தையே இந்திக் குரலில் தொடங்கிவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். தள்ளிவிட முடியாதது ஒன்று இருக்கிறது.

'அக்ரஹாரத்தில் கழுதை' என்றொரு படம். 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றிற்கு இரக்கம் காட்டிய பேராசிரியர், அதனைத் தம் ஊருக்குக் கொண்டுசேர்க்கிறார். ஊரில் நேரும் கேடுகளுக்கெல்லாம் அந்த வாயில்லா உயிரே காரணம் என்று பழி எழுகிறது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். இயக்கிய ஜான் ஆபிரகாம் கேரளத்தவர், ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையைத் துறந்து, இதே புனேயின் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர், 1987-இல் மறைந்தார். அவர் பெயரை ஒரு சேவையில் இட்டுத் தேடினோம். உடற்கட்டு மிக்க இந்தி நடிகர் ஜான் ஆபிரகாம் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். அவருக்கு அடுத்து மேலும் பல சண்டைப் படங்கள் அணிவகுத்தன.

ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே இயக்கி 1965-இல் அளித்த 'உன்னைப்போல் ஒருவன்' சென்னைச் சேரியில் வாழும் தாயையும் மகனையும் பற்றியது. அதுவும் தேசிய விருது பெற்றதே. அதனைக் கேட்டால் அதே பெயரில் 2009-இல் கமல்ஹாசன் நடித்து வந்த படம் முன்னே நிற்கிறது. அது நல்ல படமா அல்லவா என்பது இங்கே வழக்கன்று. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும் என்பது மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் முதல்நாளே கற்ற பாடம். கணிப்பொறியோ, கேட்ட பொருள் தன் கடையில் இல்லையென்று சொல்ல மனமில்லாத வணிகனைப்போல், கைக்கு எட்டியதை எடுத்து நீட்டுகிறது. 'இல்லை' என்ற சொல் நம் காதில் விழாதபோது, இல்லாமற்போனது எது என்பதே நமக்குத் தெரியாமற்போகிறது. இன்று இருபது வயதுடைய பிள்ளைக்கு ஜான் ஆபிரகாம் ஒருவர்தான்.

1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட எஞ்சாமல் அழிந்துவிட்டது. அந்தக் கதி பிற படங்களுக்கு நேராதிருக்க 1964-இல் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டது; 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதனை வளர்த்த பி. கே. நாயர், கலைப் படம், வணிகப் படம் என்று பாராமல், கிடைத்த சுருளையெல்லாம் சேர்த்தார். எதிர்காலத்தில் எவருக்கு எது தேவைப்படும் என்பதை அவர் முன்கூட்டிக் கணிக்க முற்படவில்லை. சேவைகளின் வழி இதற்கு மாறானது; உரிமை ஒப்பந்தம் முடிந்தால் படம் ஓசையின்றி மறையும். நாம் மாதந்தோறும் கட்டுவது வாடகையேயன்றி விலையன்று.

நம்மால் இயன்ற சில உண்டு. சேவையின் அமைப்புப் பகுதியில் பார்த்தவற்றின் பட்டியலை அழிக்கலாம். வீட்டில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்குப் பிரித்து வைக்கலாம். பேய்கள் ஒருவர் கணக்கோடு அடங்கும். தேடும்போது பெயரோடு ஆண்டையும் சேர்த்து இடுவது நன்று. இவற்றைவிட மேலானது, வீட்டு முதியவரிடம், 'நீங்கள் பார்த்த படங்களில் மீண்டும் பார்க்கவேண்டும் என்று தோன்றுவது எது?' என்று கேட்டு, அப்பெயரைத் தாளில் குறித்துக்கொள்வது. புனேயில் இருப்போர் அத்தாளுடன் லா காலேஜ் சாலையிலுள்ள காப்பகத்துக்கே சென்று கேட்கலாம். அங்கே 'இல்லை' என்ற விடை கிடைத்தால், அந்த 'இல்லை'யையும் படத்தின் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்.